பால் வடிந்த ஒதியமரம்

எங்கள் தாவரவியல் வாத்தியார் மரத்தைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. சலவைச் சட்டை கசங்கிவிடுமே! அட்டையில் ஒட்டிய காய்ந்த இலை என்றால் லத்தீன் பெயராகக் கொட்டுவார். உயிரோடு நிற்கிற மரத்தைக் கண்டால் மனுஷனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எழுபதுகளின் ஆரம்பம், பி.எஸ்ஸி. கடைசி வருஷம். மாசி வெயிலில் எங்களைத் தாமல் ஏரிக்கரைக்கு மரம் அடையாளம் காண அழைத்துப் போனார். இலையெல்லாம் கொட்டுகிற மாசத்திலா? கேட்டால் பாடத்திட்டம் என்பார். முதல் மரமே மொட்டை. அண்ணாந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "ஏம்மா, இது என்ன மரம்?" என்றார்.

அவள் இவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் புருஷன் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். அவர்கள் ஆடு அடுத்தவன் பயிரில் மேய்ந்துகொண்டிருந்தது. "ஒதியமரம்! ஆடு கயனில பூந்துக்கினு இருக்குது, வாயப் பொளந்துக்கினு நிக்குது பாரு!" என்று அவனைப் பார்த்துக் கத்தினாள்.

எங்கள் பக்கத்தில் உதவாக்கரை ஆளை அப்படித்தான் திட்டுவார்கள். அந்த மரம் தூணுக்கும் ஆகாது, அடுப்புக்கும் ஆகாது. வாத்தியார் முதல் வார்த்தையோடு காதை மூடிக்கொண்டார் போல. "கேட்டீங்களா, ஊர்ஜனங்க வாயாலேயே வந்தாச்சு. ஒதியமரம். எழுதிக்குங்க."

எல்லாரும் எழுதினார்கள். நான் தாழ்ந்த கிளை ஒன்றை நகத்தால் கீறினேன். வெள்ளையாகப் பால் வந்தது. ஒதியத்தில் பால் ஏது? அதில் பிசின்தான் கசியும், பட்டையின் உட்புறம் சிவந்திருக்கும். இலை விழுந்த தழும்புகள் வேறு இதில் எதிரெதிராக இருந்தன. வெப்பாலை, சந்தேகமே இல்லை.

"சார், பால் வருது."

"உன்னை யாரும்மா கீறச் சொன்னது?" என்றார். அவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம்.

அப்போது கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை ஒன்று காலியாக இருந்தது. செய்முறைத் தேர்வில் முதலாக வருகிறவருக்குச் சிபாரிசு செய்வதாக அவரே சொல்லியிருந்தார். அது கிடைக்காவிட்டால் நான் வீட்டில் அப்பாவின் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

தேர்வன்று என் மேஜையில் வைத்திருந்தது அதே மரத்துக் குச்சி. புதிதாக ஒடித்தது, முனையில் ஒரு சொட்டுப் பால் நின்றிருந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் காப்பி குடிக்கப் போயிருந்தார். எங்கள் வாத்தியார்தான் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தாவணி முனையால் பாலைத் துடைத்தேன். ஒதியமரம் என்று எழுதி, அதன் லத்தீன் பெயரையும் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

வேலை கிடைத்தது. அந்த ஆளை இன்றைக்கும் எல்லாரிடமும் கேலி செய்கிறேன். அவருக்காவது தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்தே அடிக்கோடும் போட்டேன், சே!