பதினொரு டம்ளர்

காலையில் கண் விழித்ததும் போர்வைக்குள் வலதுகை விரல்களை மடக்கிப் பார்த்தேன். நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் வந்ததிலிருந்து அதுதான் முதல் வேலை. இரண்டு விரல்கள்தான் மடங்கின.

பிறகு கணவரோடு கணபதி பகுதியில் இருக்கும் பிசியோதெரபி மையத்துக்குப் போனேன். கைக்குப் பயிற்சி தரும் ரோபோ மெஷினில் வலதுகையைக் கட்டிவிட்டார்கள். திரையில் தெரியும் டம்ளரை வாய்வரை தூக்க வேண்டும். பதினொரு முறை தூக்கினேன்.

"அம்மணி, போன வாரம் மூணுதான்!" மகளுக்கு போன் போட வெளியே ஓடினார் கணவர்.

"நெசமா நான்தான் தூக்குனனா கண்ணு?" என்று பிசியோ பெண்ணிடம் கேட்டேன்.

"இல்லீங்க்கா. நீங்க சோந்துட்டீங்கன்னு மெஷினோட உதவியக் கூட்டிப்போட்டனுங்க."

கணவரிடம் இதைச் சொல்லவில்லை.

கை சரியாகட்டும் என்று ஒரு வருடமாக எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை. ஞாயிறன்று கொழுந்தனார் மகள் கல்யாணத்தில், எல்லோர் முன்னாலும் இடதுகையால் சாப்பிடப் போகிறேன். வீட்டில் யாருக்கும் இன்னும் தெரியாது.

பக்கத்து இலைக்கு யார் வருகிறீர்கள்?