எண்ணெய் சூடாவதற்குள்

என் நாத்தனார் கை வைத்த இன்ஜின் நிலாவுக்கே போய்விட்டுத் திரும்பி வரும். சரி, நிலா கொஞ்சம் ஜாஸ்திதான். மேகம் வரைக்கும் போகும், அதற்கு நான் ஜவாப்தாரி.

அவள் என் கணவரின் தங்கை. ஊருக்கு வெளியே இருக்கும் சின்ன விமான நிலையத்தில், தகரக்கூரை போட்ட பட்டறையில், ஒற்றை இன்ஜின் விமானங்களைப் பழுது பார்க்கிறவள். பட்டறையில் அவளுக்கு ‘மறுபடி’ என்று பெயர். ஒரு நட்டை முடுக்கினால் மறுபடி தொட்டுப் பார்ப்பாள். மூடியைப் போட்டால் மறுபடி கழற்றிப் பார்ப்பாள். எல்லாம் பயம். அவளுக்கு லிஃப்ட் பயம், பல்லி பயம், குக்கர் விசில் அடிப்பதற்குள் மொட்டை மாடிக்கு ஓடிவிடுவாள். அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர். அந்த பஸ்ஸிலேயே இறங்குகிற படிக்குப் பக்கத்து ஸீட்டில்தான் உட்காருவாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டின புருஷன் மேலேயே அவ்வளவுதான் நம்பிக்கை.

அவள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். மேலே போகப்போகக் காற்று மெலிந்துவிடும், இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். அதனால் இன்ஜின் வெளியே தள்ளும் புகையைக் கொண்டே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழல விட்டு, அது காற்றை அமுக்கி இன்ஜினுக்கு ஊட்டும்படி செய்திருக்கிறார்கள். அதுதான் டர்போ. ஊட்டுவது பெரிய காரியமில்லை, எங்கே நிறுத்துவது என்பதுதான் காரியம். பிள்ளைக்குச் சோறு ஊட்டினவர்களுக்கு இது புரியும். அதிகமானால் இன்ஜின் பிளந்துகொள்ளும், குறைந்தால் விமானம் ஏறாது. இந்த அளவைப் பார்த்துக்கொள்வது புகைக்குழாயில் இருக்கும் ஒரு தட்டுக் கதவு. அது திறந்தால் புகை சக்கரத்தைத் தொடாமல் வெளியே போய்விடும். மூடினால் சக்கரம் வேகமெடுக்கும். அந்தக் கதவைத் தள்ளி மூடுவது இன்ஜின் எண்ணெயின் அழுத்தம். எவ்வளவு தள்ளலாம் என்று கடிவாளம் போடுவது ஒரு சின்னத் திருகு. என் நாத்தனாரின் பிழைப்பு அந்தத் திருகில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அந்தத் திருகில் கை வைத்தவர் யாரோ, அவர் அடுத்த பயணத்தில் விமானத்தில் ஏறியே ஆக வேண்டும். ஃபோர்மேன் வைத்த வழக்கம். தன் உயிரும் கூடப் போகும் என்றால் கை ஒழுங்காக வேலை செய்யும் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு தடவையும் அவள் போய்விட்டு வந்து, ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை படுத்துக் கிடப்பாள்.

அன்றைக்குக் காலையில் சரியான குளிர். அவள் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க நான் பட்டறைக்குப் போயிருந்தேன். விமானம் ஓட்டுகிறவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். காலையில் கிளம்பும்போதெல்லாம் காற்றழுத்தம் காட்டும் ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டுகிறது என்று அவர் புகார் சொல்லியிருந்தார். அவள் இன்ஜினை ஓட்டிப் பார்த்தாள், ஊசி தாண்டியது. நிறுத்தித் திருகைக் குறைத்தாள், மறுபடி ஓட்டினாள், ஊசி கோட்டில் வந்து நின்றது. கேப்டனுக்கு அவசரம். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டிகள் போக வேண்டும், வெயில் ஏறினால் மலைமேல் காற்று ஆட்டும் என்று அவள் தலைக்கு மேலேயே நின்று பொரிந்துகொண்டிருந்தார்.

ஏறப் போகும் நேரத்தில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, இன்னிக்கு ஒரு தடவை கூட வாங்க.”

“ஏன், நான் வந்தா விழாதா?”

“விழுந்தா பேசறதுக்கு ஆள் இருக்கும்ல.”

சட்டப்படி அது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். கேப்டன் என் எடையைக் கேட்டார், பாரக் கணக்குப் போட. கல்யாணத்தன்று இருந்த எடையைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு பெட்டியை இறக்கி வைத்தார்.

முன்னால் கேப்டன், பக்கத்தில் அவள், பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் இன்னொரு பெட்டியாக நான். காதில் பேசுகிற கருவியை மாட்டிவிட்டார்கள். ஓடுபாதையை விட்டு எழும்பியபோது ஊசி சிவப்புக் கோட்டின் மேல் வரைந்து வைத்தமாதிரி நின்றது. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வீடுகள் தீப்பெட்டி ஆயின, சாலை நூலாயிற்று. நானும் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு முன்னால் குனிந்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று நானும் எட்டிப் பார்த்தேன். ஊசி கோட்டை விட்டு இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இறங்கியது. விமானம் ஏறத் திணறியது; கேப்டன் மலையையே பார்த்தபடி, இன்ஜினுக்கு விசை கூட்டும் கைப்பிடியைத் தள்ளினார். அது ஏற்கெனவே கடைசியில் முட்டிக்கொண்டுதான் இருந்தது.

எதிரே மலை. பள்ளத்தாக்கு வழியாக உள்ளே நுழைந்து, ஏறிக்கொண்டே போய் உச்சியைத் தாண்டுவதுதான் வழி. தூரத்தில் பச்சைப் போர்வையாகத் தெரிந்த காடு இப்போது மரம் மரமாகப் பிரிந்தது. அப்புறம் கிளைகள் தெரிந்தன. அப்புறம் ஒரு கிளையில் காய்ந்த கூடு ஒன்று தெரிந்தது. விமானத்தில் போகிறவள் கூட்டை ஏன் பார்க்க வேண்டும்? மறைத்த எடையெல்லாம் என் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டதுபோல இருந்தது.

“காத்து கீழ அமுக்குது. கொஞ்ச தூரம் போனா விட்டுடும்” என்றார் கேப்டன்.

அவள் கேப்டனுக்குக் கேட்காதபடி கருவியை ஒதுக்கிவிட்டு, என் காதருகே திரும்பினாள்.

“அண்ணி, எண்ணெய்.”

“எந்த எண்ணெய்?”

“இன்ஜின் எண்ணெய். சூடாகறதுக்கு முன்னாடியே திருகிட்டேன்.”

விட்டு விட்டு அவள் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும். அது கதவை வேண்டியதற்கு மேல் தள்ளி மூடும், ஊசி கோட்டைத் தாண்டும். அந்த நேரத்தில் திருகைக் குறைத்தால், அது குளிர்ந்த எண்ணெய்க்கு மட்டும்தான் சரியான அளவு. எண்ணெய் சூடாகி இளகினதும் கதவு அகலத் திறந்துகொள்ளும், காற்று போதாமல் போகும். அதனால்தான் எண்ணெய் சூடாகும்வரை காத்திருந்து திருக வேண்டும். எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தவள், அன்றைக்குக் கேப்டனின் அவசரத்தில் காத்திருக்கவில்லை. எண்ணெய்ச் சூட்டுக்குத் தனி ஊசி. அது ஏற ஏற, மற்ற ஊசி இறங்கியது.

காற்று அமுக்கினால் விட்டுவிடும். இது விடாது. கேப்டனோ காற்று என்று நம்பிப் போய்க்கொண்டிருக்கிறார். இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் திரும்பவும் இடமிருக்காது, தாண்டவும் முடியாது.

“அவர்கிட்ட சொல்லு.”

“சொன்னா லைசென்ஸ் போயிடும், அண்ணி.”

“சொல்லலன்னா?”

அவள் எண்ணெய்ச் சூட்டு ஊசியை மறுபடி பார்த்தாள். நானே சொல்லிவிடலாம் என்றால் குரல் வந்தால்தானே? ஜன்னலுக்கு வெளியே ஒரு பாறை, அதன் மேல் ஒழுகும் தண்ணீர் வரை தெரிந்தது.

அவள் கருவியை வாய்க்கு நேரே இழுத்துக்கொண்டாள்.

“சார், இது காத்து இல்ல. நான் பண்ணின தப்பு. எண்ணெய் சூடாகாம திருகிட்டேன். இதுக்கு மேல பவர் வராது. திருப்புங்க.”

கேப்டன் ஒரு ஊசியைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். அடுத்த நொடி உலகமே பக்கவாட்டில் சாய்ந்தது. மருந்துப் பெட்டிகள் என் மடிக்கு வந்தன. ஜன்னல் முழுக்கப் பாறை, பாறை, பாறை. கண்ணை மூடிக்கொண்டேன். ஏதோ கத்தினேனாம். அது என்ன வார்த்தை என்று கேப்டன் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை, நல்ல மனுஷர்.

கண்ணைத் திறந்தபோது எதிரே சமவெளியும் எங்கள் ஊரும் இருந்தன.

இறங்கியதும் அவளே நேராக ஃபோர்மேனிடம் போய்ச் சொன்னாள். அவர் முதலில் கேப்டனைத்தான் பிடித்தார். தினமும் எண்ணெய் சூடாவதற்குள் கைப்பிடியைத் தள்ளினால் ஊசி கோட்டைத் தாண்டத்தான் தாண்டும், திருகு முதலிலேயே சரியாகத்தான் இருந்தது என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். லைசென்ஸ் போகவில்லை. ஆனால் இனி அவள் அந்தத் திருகைத் தொடும்போதெல்லாம் இன்னொருவர் பக்கத்தில் நின்று எண்ணெய்ச் சூட்டைப் படித்துச் சொல்ல வேண்டும் என்றாகிவிட்டது. பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

இன்னொருவர் எண்ணெய்ச் சூட்டைப் படித்துச் சொல்ல, சூடு இருக்கும்போதே திருகைப் பழையபடி வைத்தாள். திருகில் கை வைத்தாயிற்று, மறுபடி ஏற வேண்டும். படியில் ஒரு காலை வைத்தவள், அடுத்த காலை எடுக்க முடியாமல் அப்படியே நின்றாள்.

“எண்ணெய் சூடா இருக்கா?” என்றார் கேப்டன்.

“இருக்கு சார்.”

“மறுபடி பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அப்ப ஏறுங்கம்மா. நானும் இதுலதான் வரேன்.”

ஏறினாள். நானும் ஏறி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஊசி கோட்டிலேயே நின்றது. நாங்கள் மூவரும் மலை உச்சியை ஜம்மென்று தாண்டி, ஆஸ்பத்திரிக்கு மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

இதுவரை எழுதியதை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த நாத்தனார், கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“மூணு பேர் இல்ல, அண்ணி. ரெண்டு பேர். நீங்க பட்டறை கக்கூஸ்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, ‘நான் வீட்டுக்குப் போயிட்டேன்னு கேப்டன்கிட்ட சொல்லிடு’ன்னு உள்ள இருந்தே சொன்னீங்க.”