ஓவனில் குறைந்த ஒன்றரை மணி நேரம்

பிளாஸ்டிக்கை உருக்கி மோல்டுக்குள் தள்ளும் தொழிலுக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. உள்ளே போவது குழம்பா, ரப்பரா, கண்ணாடியா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் தலை தொங்கத் தூங்கிப்போகும் சக சூப்பர்வைசர்களே, உங்களுக்கும் இதே தலைவலிதான் என்று நினைக்கிறேன்.

பதமாகத் தள்ளியது

கார் ஹெட்லைட்டின் முன்மூடி செய்துகொண்டிருந்தோம். பார்க்கக் கண்ணாடி, ஆனால் பிளாஸ்டிக். புது மோல்டில் ஓரம் நிரம்பவே இல்லை. கெட்டிச் சரக்கு, பதமாகத் தள்ளுவோம் என்று வேகத்தைக் குறைத்தேன். பாதியில் நின்றது. இன்னும் குறைத்தேன், இன்னும் மோசம்.

மெஷினில் இருந்த ஜெனிபர் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், சுங்குவார்சத்திரத்தில் தோழிகளோடு ரூம் எடுத்திருப்பவள். கான்ட்ராக்டிலிருந்து அவளை நிரந்தரமாக்கும் பேச்சு அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. அவள் பேச்சைக் கேட்டு வேகத்தைக் கூட்டினேன். அதே சூடு, அதே சரக்கு, ஓரம் வரை இளகி ஓடியது. நான் விழித்ததைப் பார்த்து அவள் சொன்னாள்: "மெதுவாப் போனா முறுக்கிக்கிட்டு நிக்கும் சார். ஒரே தள்ளா தள்ளணும்."

நேற்று சரி, இன்று கோணல்

முதல் நாள் அளவெடுத்துச் சரி என்று எழுதிய மூடி மறுநாள் காலையில் ஓரம் வளைந்து கிடந்தது. குவாலிட்டி பார்க்கும் தண்டலம் ஏழுமலை அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உள்ளே இருப்பதெல்லாம் நூல் மாதிரி நீளமான மூலக்கூறுகள். வேகமாகத் தள்ளினால் இழுபட்டு ஒரே பக்கமாகப் படுத்துக்கொள்ளும், அதனால்தான் சுலபமாக ஓடுகிறது. திரும்பச் சுருண்டுகொள்வதற்குள் மோல்டின் குளிர்ச்சியில் அப்படியே இறுகிவிடும். இறுகின பிறகும் மெல்ல மெல்லச் சுருளப் பார்க்கும். அந்த இழுப்பு தளரட்டும் என்றுதான் மூடிகளை ஓவனில் இரண்டு மணி நேரம் மிதமான சூட்டில் வைக்கிறோம், இது ஓவனுக்குப் போகாத மூடி. சொல்லி முடித்தபோது எனக்கே பாதிதான் நம்பிக்கை. ஏழுமலை மூடியைத் தட்டிப் பார்த்தார்: "கல்லு மாரி கீது, இது எப்டி சார் உள்ள நவுந்துகினே இருக்கும்? எனக்குப் புரியல, உங்களுக்காவது புரிஞ்சிதா?"

வாசலில் லாரி

ஒரு நாள் லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தது. ஓவனை அரை மணியில் நிறுத்தினேன். மூடிகள் பளிச்சென்று இருந்தன, வளைவும் இல்லை. நோட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அடுத்த வாரம் வாடிக்கையாளர் குடோனில், பிரிக்காத பெட்டிகளுக்குள் மூடிகள் விரிசல் விட்டிருந்தன. அந்தப் பெட்டிகளைக் கட்டியது ஜெனிபர். விசாரணை முடியும் வரை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். நிரந்தரம் போகட்டும், வேலையே தங்குமா என்றாகிவிட்டது. ஓவனாக இருக்குமோ என்று எனக்கு உடனே உறுத்தியது. நிச்சயமாகத் தெரியாதே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன். மேனேஜர் சொன்னார்: "பிளாஸ்டிக் தானா உடையுமாய்யா? கீழ போட்டுட்டு மறைச்சிருக்கா."

கலர் கலராக

இரண்டு நாள் நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் ஏழுமலையின் டிராயரைக் குடைந்து, வெளிச்சத்தை ஒரு வாக்கில் மட்டும் விடும் கறுப்பு ஷீட் இரண்டை எடுத்தேன். இரண்டுக்கும் நடுவே மூடியை வைத்துப் பார்த்தால் உள்ளிழுப்பு கலராகத் தெரியும். முழு நேரம் ஓவனில் இருந்த மூடியில் மங்கலாக ஏதோ இருந்தது. குடோனிலிருந்து திரும்பி வந்த அரை மணி மூடியில் பிளாஸ்டிக் நுழைந்த இடத்தைச் சுற்றிப் பட்டை பட்டையாக நீலமும் சிவப்பும். விரிசல் விழுந்ததும் அதே இடத்தில்தான்.

இரண்டு மூடிகளையும் நோட்டையும் மேனேஜர் மேஜையில் வைத்து, தப்பு என்னுடையது என்றேன். அவர் ஜெனிபருக்கு ஆள் அனுப்பினார். அழுது வீங்கிய முகத்தோடு வந்தவள், ஷீட்டை ஜன்னல் பக்கம் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்: "கலரு நல்லாத்தான் இருக்கு சார். நோட்டு உங்க கையிலதான இருந்துச்சு, ரெண்டு நாளு என்னய எதுக்கு ரூம்ல உக்கார வச்சீங்க?"

ஜெனிபர் நிரந்தரமாகிவிட்டாள், எனக்கு ஒரு மெமோ, ஓவன் டைமருக்கு ஒரு பூட்டு, சாவி அவளிடம்.