நேசையன் உறங்கப் போகிறார்

கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து வெந்நீர் வாளிக்குள் இரண்டு காலையும் முக்கி வைத்திருந்தார் நேசையன். மேற்கே ரப்பர் மரங்களுக்குப் பின்னால் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. ரோட்டில் போன பொன்னுலிங்கம் நின்று, "என்ன ஓய், அதுக்குள்ள ராத்திரி ஆயாச்சா?" என்று கேட்டார். "எனக்கு ஆயாச்சு. உமக்குத்தான் இன்னும் ஆகல்ல" என்று சொல்லிவிட்டு, நேசையன் குதிகாலைத் தேய்ப்பதில் மும்முரமானார்.

அருமனைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார் அவர். ஊர் புரண்டு படுக்கிற நேரத்தில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் ஒழுகாது. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டால் மரம் கெட்டுப்போகும். தூக்கக் கலக்கத்தில் செய்கிற காரியமா இது? ஆகவே மற்றவர்கள் நிலமும் நகையும் சேர்த்தபோது, நேசையன் உறக்கத்தைச் சேர்த்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவருடைய சட்டதிட்டங்கள் மனைவி நேசபாய்க்குத் தலைகீழ்ப் பாடம். மத்தியானத்துக்குப் பிறகு கட்டன் சாயா கிடையாது. பொழுது சாயும்போது கஞ்சியும் பயறும். மீன் எவ்வளவு நல்ல மீனாக இருந்தாலும் மத்தியானத்தோடு சரி. கால் கழுவியதும் உள்ளங்காலில் தேங்காயெண்ணெய். தலையணை இலவம்பஞ்சாக இருக்க வேண்டும். மகள் பிரீனா ஆசையாக மார்த்தாண்டத்தில் வாங்கி வந்த ஸ்பாஞ்சுத் தலையணை மறுநாளே பூனைக்குப் போய்விட்டது. விளக்குப் போட்ட பிறகு வீட்டில் சண்டை கூடாது. "சண்ட பிடிக்கணுமானா காலத்த பிடி" என்பார். காலையில் அவர் தோட்டத்தில் இருப்பார். அதனால் அந்த வீட்டு மனஸ்தாபங்கள் எல்லாம், ரப்பர் பாலை உறையவைத்து ஷீட்டாக அடித்துக் கொடியில் காயப்போட்ட பிறகு, நடுமத்தியானத்தில்தான் தீர்த்துக்கொள்ளப்படும்.

குடும்ப ஜெபம் கடைசி. நேசபாய் ஜெபிக்கத் தொடங்கினால் சொந்தபந்தத்தில் ஒருவரையும் விடமாட்டாள். மும்பையில் இருக்கிற சித்தப்பா மகனுடைய முட்டுவலிவரை போய்விட்டுத்தான் திரும்புவாள். "கர்த்தருக்கு எல்லாம் தெரியும், நீ சுருக்கமா சொல்லு" என்று கண்ணைத் திறக்காமலே சொல்லுவார் நேசையன். ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் படுக்கையில் இருப்பார். அதற்குப் பிறகு நேசபாய் டிவி சீரியலைச் சத்தத்தைக் குறைத்து வைத்து, யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள்.

நர்ஸிங் முடித்த பிரீனாவுக்கு டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நாகர்கோவிலில் ரயில் ஏற்றிவிட்டு வந்தார்கள். போன பிள்ளைக்கு அங்கே உறக்கம் வரவில்லை. ஹாஸ்டல் ஜன்னலுக்கு வெளியே விடிய விடிய வெளிச்சம். விடிய விடிய வண்டிகள். பகலில் வார்டில் நின்றபடியே கண் செருகிவிட்டது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று ஹெட் நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் நேசையன் போனில் வைத்தியம் சொன்னார். "வெந்நீருல காலக் கழுவு மக்களே. எண்ணயத் தேயி. சாயா குடிக்காத." எல்லாவற்றையும் செய்தாள் பிரீனா. எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் வழுக்கியதுதான் மிச்சம். "ஒண்ணும் பலிக்கல்லப்பா" என்று அவள் சொன்னபோது, நேசையனுக்கு முகம் விழுந்துவிட்டது. தன் சொந்த வித்தை சொந்த மகளிடமே செல்லவில்லையே என்று அன்று முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தார். படுத்ததும் உறங்கிவிட்டார் என்பது வேறு விஷயம்.

மறுநாள் அவர் படுத்த பிறகு பிரீனாவின் போன் வந்தது. பேசிக்கொண்டே நேசபாய் போர்வை எடுக்க உள்ளறைக்குள் போனாள்.

"அம்மா, அங்கயே நில்லு."

"என்ன பிள்ளே?"

"ஒண்ணும் பேசாத. அப்பாவுக்க கொறட்ட கேக்கு."

மிக்சியில் தேங்காய் அரைக்கிற மாதிரி நேசையன் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்து, பிறந்த நாள் முதல் அந்தச் சத்தத்தைக் கேட்டே உறங்கிய பிள்ளை. நேசபாய் கட்டிலருகே குத்தவைத்து போனை நீட்டிக்கொண்டிருந்தாள். கை கடுத்தபோது, "பிள்ளே" என்று மெல்லக் கூப்பிட்டாள். காதில் வைத்துப் பார்த்தால் பிரீனாவின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. நேசபாய்க்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பிறகு தினமும் இதுதான் நடந்தது. டெல்லியில் ஹெட் நர்ஸ் பிரீனாவைப் பார்த்துச் சிரிக்கவும் தொடங்கிவிட்டாள். ஆனால் சந்தோஷத்தை எத்தனை நாள் மனதுக்குள்ளேயே வைத்திருப்பது? ஒரு மத்தியானம், ஷீட்டைக் கொடியில் போட்டுவிட்டு வந்த நேசையனிடம் நேசபாய் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கொறட்டயா? நானா? இத்தன வருசமா எனக்க காதுல விழாத கொறட்ட, டெல்லியில கேட்டுதாக்கும்!"

"பின்ன பக்கத்து வீட்டுக்காரனா வந்து விட்டுட்டுப் போறான்?"

"பிள்ளைக்க கூட்டுக்காரிகளும் கேட்டிருப்பாளுவ. ஏட்டி, மானம் போச்சே! இனி அந்தப் போன எனக்க கட்டிலுப் பக்கம் கொண்டுவரப்பிடாது, சொல்லிப்போட்டேன்."

"செரி, கொண்டுவரல்ல. அப்பம் பிள்ள ஒறங்கண்டாமா?"

நேசையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கிப் போனார்.

சாயங்காலம் எல்லாம் முறைப்படி நடந்தன. விளக்குப் போட்டாகிவிட்டதால் நேசபாய் பேச்சை எடுக்கவில்லை. ஜெபத்தில் பிரீனாவின் பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். ஆமென் சொல்லிவிட்டு உள்ளே போன நேசையன் திரும்ப வெளியே வந்தார். சார்ஜில் கிடந்த மொபைலைப் பிடுங்கி எடுத்தார்.

"இதுல சார்ஜ் நெறய இருக்கா?"

"இருக்கு."

நேசபாயின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய் அதைத் தலையணையோரம் வைத்தார். எட்ட இருப்பதாகப் பட்டதோ என்னவோ, இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினார். பிறகு மல்லாந்து படுத்து, கண்ணை இறுக மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டார்.