ஆயுத பூஜை ஃபோட்டோவில் ஒரு சீட்டு

அல்சூர் மகளிர் சங்கத்தில் ருக்மிணியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. பொதுப்பணித் துறை ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் கண்காணிப்பாளராக இருந்தவள். இப்போது சங்கத்தின் செயலாளர். மாதக் கூட்டம் எதுவானாலும் கடைசிப் பத்து நிமிஷம் அவளுடையதுதான். தெரியாத லிங்க்கைத் தொடாதே, ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே, பாஸ்வேர்டை எங்கேயும் எழுதி வைக்காதே. கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் காது புளித்துவிட்டது.

வீட்டிலும் அதே கெடுபிடி. கணவர் தேசிகன் கம்ப்யூட்டரில் பேப்பர் படிக்க உட்கார்ந்தால்கூடப் பின்னால் வந்து நிற்பாள். சங்கத்து மெயில் அதில்தான் இருந்தது. அதற்குள் மைசூர் சுற்றுலாவுக்காக நூற்று நாற்பது பெண்கள் நம்பி அனுப்பிய ஆதார் நகல்கள். அதனால் மூன்று மாதத்துக்கொரு முறை பாஸ்வேர்டை மாற்றுவாள், அதுவும் பதினாறு எழுத்தில். பாவம், அவளுக்கே நினைவில் நிற்கவில்லை. சீட்டில் எழுதி மானிட்டரின் கீழ் ஓரத்தில் ஒட்டிக்கொண்டாள். வீட்டுக்குள்தானே இருக்கிறது என்று ஒரு சமாதானம்.

ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். கண் பட்டுவிடும் போல இருந்தது. ஃபோட்டோ எடுத்துச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. அரை மணி கழித்து ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து சங்கத்துப் பொருளாளர் பிரிஜெட் கூப்பிட்டாள்.

"அக்கா, ஃபோட்டோ சூப்பர். கீழ ஒட்டியிருக்கிற சீட்டைப் பெரிசு பண்ணிப் பாத்தேன். பாஸ்வேர்டு தெளிவா படிக்க முடியுதுக்கா."

ருக்மிணி ஃபோனை அப்படியே போட்டாள். ஓடிப்போய் பாஸ்வேர்டை மாற்றினாள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, திரையில் எச்சரிக்கை வந்தது: முன்பின் தெரியாத கம்ப்யூட்டரிலிருந்து யாரோ பழைய பாஸ்வேர்டைப் போட்டு நுழையப் பார்த்திருக்கிறார்கள். ஃபோட்டோ யார் யார் கைக்கெல்லாம் போயிற்றோ, பெருமாளுக்கே வெளிச்சம்.

"நுழையலையோன்னோ, விடு," என்றார் தேசிகன். "ஃபோட்டோவை டெலீட் பண்ணிடு. யாருக்குத் தெரியப் போறது?"

"ஏன்னா, நாளைக்கு என் பேரைச் சொல்லி எவனாவது அவாளுக்கு ஃபோன் பண்ணினா? அத்தனை பேரும் என்னை நம்பி ஆதார் குடுத்திருக்கா."

முகத்தை எங்கே கொண்டு போய் வைத்துக்கொள்வது என்று மானம் பிடுங்கித் தின்றது. மூன்று தடவை பேசத் தொடங்கி நிறுத்தினாள். நாலாவது தடவை குழுவுக்குக் குரல் பதிவு போயே விட்டது.

"நான் ருக்மிணி பேசறேன். எழுதி வைக்காதேன்னு உங்களையெல்லாம் வறுத்தெடுத்தவளே எழுதி ஒட்டி, பொட்டு வெச்சு, ஃபோட்டோ எடுத்து உங்களுக்கே அனுப்பியிருக்கேன். இப்ப மாத்திட்டேன். என் பேரைச் சொல்லி யார் எது கேட்டாலும் குடுக்காதீங்கோ. மன்னிச்சுடுங்கோ."

பத்து நிமிஷம் ஃபோனும் கையுமாகக் கூடத்தில் நடந்தாள். ருக்மிணி உட்காரவேயில்லை. பிறகு ஸ்ரீரஞ்சனியின் செய்தி வந்தது: "அக்கா, எங்க ஃப்ரிட்ஜ் மேலயும் ஒண்ணு ஒட்டியிருந்தேன். இப்பதான் கிழிச்சேன்." அடுத்து சோஃபியா, அவளுடையது பீரோ கதவில். வேதநாயகி ஏ.டி.எம். நம்பரையே ஃபோன் உறைக்குள் செருகி வைத்திருந்தாளாம், அம்மாடி.

சாயங்காலத்துக்குள் நாற்பத்தேழு பேர் கிழித்துவிட்டார்கள். ருக்மிணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மூன்று வருஷம் மாதா மாதம் முழங்கியும் இவர்களில் ஒருத்திகூடச் சீட்டைக் கிழித்ததில்லை.