வெள்ளிக்கிழமை பிய்த்த கட்டைகள்

கருவடிக்குப்பத்தில் பெரியப்பா வீட்டு வாசலில் நிற்பது ஒரு வெள்ளை அம்பாசிடர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பானெட், கதவு, கூரை என்று எங்கும் குழந்தைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள் ஒட்டியிருக்கும். வெயில் பட்டுப் பட்டு சிவப்புக் கட்டைகளெல்லாம் வெளிறிவிட்டன. தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆரம்பித்து வைத்தவள் பெரியப்பாவின் ஒரே மகள், எனக்குத் தங்கை. பிரான்சிலிருந்து வந்த மாமா ஒரு மூட்டைக் கட்டைகளைக் கொண்டுவந்து கொட்டினார். வீடு கட்டினாள், படகு கட்டினாள், அலுத்துப்போய் ஒரு கோடை விடுமுறையில் காரில் ஒட்டத் தொடங்கினாள். பெரியப்பா டாக்சி ஓட்டிப் பிழைத்தவர். அந்தக் காரில் நாங்கள் சாய்ந்து நின்றாலே கத்துவார். மகள் கேட்டதும் மறு பேச்சில்லாமல் கடைக்குப் போய்ப் பசை வாங்கி வந்தார். பானெட் முடிந்து கதவு பாதியில் இருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு அதே காரில்தான் போனாள். திரும்பி வந்தது வேறு வண்டியில்.

கல்யாணமாகாமல் இறந்த பெண்ணை எங்கள் பக்கம் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். பாவாடையும் பூவும் வைத்துப் படைத்தால் வீட்டுக்கு வருவாள், யார் மேலாவது இறங்கிப் பேசுவாள் என்பது நம்பிக்கை. முதல் வருடப் படையலுக்கு முன், வருகிற மகள் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று பெரியப்பா மிச்சமிருந்த இடத்தையும் தானே ஒட்டி முடித்துவிட்டார். அவளை அழைக்கப் பம்பை மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்தார்கள். அவள் யார் மேலும் வரவில்லை. பெரியம்மா எழுந்து வாசலுக்கு வந்து காரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவ வேலய நீங்க முடிச்சிட்டா புள்ள எதுக்கு வரும்?” என்று கேட்டாள்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் கத்தியால் நாலைந்து கட்டைகளை நெம்பி எடுத்து, பூவோடு தட்டில் போட்டு பானெட் மேல் வைப்பாள். விடிந்து பார்த்தால் கட்டைகள் பழைய இடத்தில் ஒட்டியிருக்கும். “வந்துட்டுப் போயிருக்கா” என்பாள். அன்று மட்டும் தலை வாரிக்கொள்வாள், பசித்துச் சாப்பிடுவாள்.

பெரியப்பாவின் விரல் நுனியில் பசை காய்ந்திருப்பது ஊருக்கே தெரிந்தது, பெரியம்மாவைத் தவிர. ஒருமுறை நான் கேட்டே விட்டேன். “சாப்புடுறா இல்ல, அது போதும்மா” என்றார்.

போன மாசியில் பெரியப்பா இறந்துபோனார். காரியம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, பெரியம்மா வழக்கம்போலக் கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். இனி யார் திருப்பி ஒட்டுவது? பெரியப்பாவின் சட்டைப் பையில் தேடிப் பாதி தீர்ந்த பசைக்குழாயை எடுத்து வைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் அந்த மனிதர் செய்ததை விடியலில் எழுந்து நான் செய்ய முடியாதா?

அன்றிரவு அங்கேயே படுத்து, எழுந்து கதவைத் திறந்தால், எனக்கு முன்பே பெரியம்மா காருக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் கட்டைகள் அப்படியே கிடந்தன.

“அவங்க அப்பாவக் கூட்டினு போகத்தான் இத்தினி வருசமா வந்துனு இருந்திருக்கா” என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. “கூட்டினு போயிட்டா. இனிமே வரமாட்டா.”

அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அழவில்லை. பசைக்குழாயை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் அவள் மகள் ஒருநாளும் வரவேயில்லை என்று ஆகிவிடும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை அவள் கத்தி எடுப்பதில்லை. பிய்த்த இடங்களில் பழைய வெள்ளை பெயிண்ட் புதிது போலத் தெரிகிறது. நேற்று சாயங்காலம் போயிருந்தேன். வீட்டில் ஆளைக் காணோம். காருக்குள் எட்டிப் பார்த்தேன். நல்ல புடவை உடுத்தி, பின் சீட்டில் ஓரமாக, இன்னும் இரண்டு பேருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னயும் கூட்டினு போக வருவாங்க இல்ல?” என்று கேட்டாள்.

“வருவாங்க பெரிம்மா” என்றேன்.