ரயில் வந்தாலும் நிற்காத பாட்டு

சேர்ந்திசைக் குழுவில் பின்வரிசையில் நின்று அவதிப்பட்டவர்களுக்குத் தெரியும்: பாட்டு நன்றாக வந்தால் நம்மை யாரும் கவனிப்பதில்லை, சொதப்பினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ரயில் பாடம்

நாங்கள் இருபத்திரண்டு பேர். ஒத்திகை, தாம்பரத்தில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு மண்டபத்தின் மாடியில். மின்சார ரயில் போகும்போது பக்கத்தில் நிற்பவன் குரல்கூடக் கேட்காது. முதல் நாள் ரயில் வந்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். குழுவை நடத்தும் ஜோ அண்ணாவின் கை மட்டும் தாளம் காட்டிக்கொண்டே இருந்தது. அப்புறம் என்னிடம் சொன்னார்: "காதை விடுப்பா, கையைப் பாரு."

பொம்மை மைக்

தொலைக்காட்சி விருது விழாவில் பாடக் கூப்பிட்டார்கள். தனிக்குரல், கடலோரக் குப்பத்துக் கலைவாணிக்கு. அவள் அம்மா மீன் விற்பவர். நாங்கள் மேடையேறும் நேரம்தான் அவருக்கு வியாபார நேரம் என்பதால் மகள் மேடையில் பாடி ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார்.

போய்ப் பார்த்தால், நாங்கள் முன்பே ஸ்டுடியோவில் பதிவு செய்த பாட்டுதான் ஓடுமாம். கையில் கொடுக்கும் மைக்கும் பொம்மைதானாம், வாயசைத்தால் போதுமாம். "எங்கம்மா மொத மொத கேக்க வந்துகீது சார், ஊமையாட்டம் நிக்கவா?" என்று கலை கெஞ்சினாள். ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னார்: "எல்லாரும் இப்படித்தாம்மா. சிரிச்சுட்டே நில்லு, போதும்."

கை நிற்கவில்லை

இரண்டாவது சரணத்தில் பதிவு பட்டென்று நின்றது. அத்தனை பெரிய அரங்கில் ஒரு சத்தமில்லை. ஜோ அண்ணாவின் கை மட்டும் நிற்கவில்லை. ரயில் போகும்போது எப்படியோ, அப்படியே.

பாடினோம். எங்கள் குரல்களுக்கு மேலே கலையின் குரல் ஏறியது, மைக் இல்லாமல், கடைசி நாற்காலி வரை. முன்வரிசை நட்சத்திரங்கள் போனைக் கீழே வைத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சத்தத்தில் என் குரலும் இருக்கிறது என்பதை நம்பவே முடியவில்லை. மேடையை விட்டு இறங்கும்போது, பின்வரிசையில் என் பக்கத்தில் நிற்கும் சதீஷ் என் தோளைப் பிடித்தான்: "மச்சான், ரயில் இல்லாட்டி நாம இவ்ளோ நல்லா பாடுவோமாடா!"

ஒளிபரப்பு

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கலை வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தோம். முகம் எங்களுடையது. குரலுக்கோ, பதிவு செய்த பாட்டையே முழுசாக ஒட்டியிருந்தார்கள். கலை தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா எழுந்துபோய் டிவியை அணைத்தார்: "இன்னாடி இது, சக்கரைத் தண்ணியாட்டம் கீது? அன்னிக்கி நடுவுல பாடுனியே, அதான் நீ. அத்தப் பாடு."

டிவியில் எங்களைக் கேட்டதாகச் சொல்பவர்களை இப்போதெல்லாம் நான் மெதுவாகத் திருத்துகிறேன்: பார்த்தீர்கள், அவ்வளவுதான்.